பழைய பைத்தன் பதிப்பை எப்போது கைவிடலாம்?

கேள்வி: அட்டன் பகுதித் தோட்ட அலுவலகங்களுக்காக, கொழுந்து நிறையையும் அரைப்பேர், முழுப்பேரையும் (அரைநாள், முழுநாள் வேலையை) பதிந்து சம்பளக் கணக்கெடுக்கும் மென்பொருளொன்றைப் பைத்தன் என்ற நிரல்மொழியில் எழுதிப் பராமரிக்கிறேன். சில அலுவலகங்களில் விண்டோஸ் 7 கணினிகளே இருப்பதால் 3.8 பதிப்பிலும் அது இயங்குமாறு பார்த்துக்கொள்கிறேன். இதை எப்போது நிறுத்தலாம்?

பதில்: பைத்தனின் ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளே பராமரிக்கப்படுகிறது. 2019 ஒக்டோபரில் வெளியான 3.8 இன் காலம் 2024 ஒக்டோபரில் முடிந்துவிட்டதால், இனி அதில் வெளிப்படும் பாதுகாப்பு ஓட்டைகளைப் பைத்தன் குழுவினர் அடைக்கமாட்டார்கள். நூலகங்கள் (பிறர் எழுதிவைத்து நாம் நம் நிரலில் எடுத்தாளும் பொதிகள்) அதற்கும் முன்பே விலகத் தொடங்கின, எண் கணக்குக்கான நம்பை 1.25, அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸ் 2.1 ஆகியவை 2023 இலேயே 3.8 ஐக் கைவிட்டன. அவற்றைப் பயன்படுத்துவீர்களாயின், பழைய மொழியோடு பழைய நூலகங்களையும் சேர்த்தே சுமக்கிறீர்கள்.

ஆனால் உங்கள் சிக்கலின் முடிச்சு மொழியில் இல்லை, கணினியில் இருக்கிறது. விண்டோஸ் 7 இல் இயங்கும் கடைசிப் பைத்தன் 3.8 தான்; 3.9 க்கு விண்டோஸ் 8.1 ஆவது வேண்டும். ஆகவே 3.8 ஐ விடுவது அந்த அலுவலகங்களை விடுவதாகும். எத்தனை அலுவலகங்கள், அவற்றில் எவை இணையத்தோடு இணைந்தவை என்று முதலில் கேட்டறியுங்கள். இணைப்பே இல்லாத நிறுவைக் கணினி இன்னும் சில காலம் ஓடினால் பெரிய ஆபத்தில்லை; மின்னஞ்சலும் வங்கிக் கோப்பும் கையாளும் கணினியை நான் ஒரு மாதம்கூட அப்படி விட்டுவைக்கமாட்டேன்.

ஆதரவை நிறுத்துவதென்றால் ஏற்கெனவே நிறுவியது நின்றுவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படியில்லை. உங்கள் மென்பொருளின் 3.8 க்கான கடைசி வெளியீட்டை நன்றாகச் சோதித்துத் தனிக் கிளையாக (நிரலின் தனிப் பிரதியாக) வைத்து, ஆறு மாதங்களுக்குக் கணக்குப் பிழைகளை மட்டும் அதில் திருத்துங்கள். புதிய வசதி எதையும் சேர்க்க வேண்டாம். அடுத்த பெரிய வெளியீட்டின் பொதித் தகவலில், தேவைப்படும் மிகக் குறைந்த பைத்தன் பதிப்பைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அதைக் கண்டதும், பைத்தன் பொதிகளை நிறுவும் பிப் என்ற கருவி, பழைய கணினிக்குப் பொருந்தும் பழைய வெளியீட்டைத் தானே தெரிவுசெய்யும். குறிப்பிடத் தவறினால், 3.10 இல் வந்த ‘மேட்ச்’ கூற்று போன்ற ஒரு வரியிலேயே அந்தக் கணினி பிழை காட்டி நின்றுவிடும். ‘இந்தப் பதிப்புக்கு மேல் கூடாது’ என்ற மேல்வரம்பு மட்டும் இடாதீர்கள். அது நாளைக்கு உங்களுக்கே தடையாகும்.

எந்தப் பதிப்புக்குத் தாவுவது என்றால், 3.9 க்கு அல்ல. அதன் காலமும் 2025 ஒக்டோபரோடு முடிந்தது. கணினியை மாற்றும் அலுவலகத்தில் ஆகப் புதிய பதிப்புகளில் ஒன்றையே நிறுவுங்கள். மாற்றும் வேலையைச் சம்பள வாரத்தில் தொடங்க வேண்டாம். முடிந்துபோன ஒரு மாதத்துச் செக்ரோலை (சம்பளப் பதிவேட்டை) பழைய கணினியிலும் புதியதிலும் ஓட்டி, ஒவ்வொரு தொழிலாளியின் தொகையும் சதம் பிசகாமல் ஒத்துவந்த பின்பே பழையதை நிறுத்துங்கள்.