தொழிற்கூடத்துக்கு ஆக்சஸ் கன்ட்ரோல் (கதவு வழியே யார் வரலாம் என்று கட்டுப்படுத்தும் ஏற்பாடு): வாசகர் கேள்விகள்

கேள்வி: கோவையில் வார்ப்பட ஆலை நடத்துகிறேன். மூன்று ஷிப்ட். கைரேகை மெஷின் வைக்கலாமா?

வேண்டாம் என்பேன். மணலிலும் சூட்டிலும் வேலை செய்யும் கைகளில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். மெஷின் ஏற்காமல் ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசலில் கூட்டம் நிற்கும். கடைசியில் செக்யூரிட்டி கதவைத் திறந்தே வைத்துவிடுவார். கார்டோ முகம் பார்க்கும் மெஷினோ உங்களுக்குப் பொருந்தும். எதுவானாலும் பணம் கட்டுமுன் ஒரு மெஷினைச் சோதனைக்கு வாங்கி, வயதில் மூத்த தொழிலாளர்களை நிறுத்திப் பாருங்கள். முகமோ ரேகையோ பதிந்தால் அதைப் பாதுகாப்பது நிறுவனத்தின் கடமை. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. கார்டு தொலைந்தால் மாற்றிக் கொடுக்கலாம், விரலை மாற்ற முடியாது.

கேள்வி: 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு மலிவாகக் கிடைக்கிறது. போதுமா?

அலுவலக வருகைப் பதிவுக்குப் போதும், பூட்டுக்குப் போதாது. அந்தக் கார்டு தன் எண்ணை எந்த ரீடர் (கார்டு படிக்கும் கருவி) கேட்டாலும் சொல்லிவிடும். நகலெடுக்கும் கருவி ஆன்லைனிலேயே கிடைக்கிறது. மைஃபேர் கிளாசிக் என்ற இன்னொரு வகைக் கார்டின் ரகசியக் குறியீடும் 2008-லேயே உடைக்கப்பட்டது. நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள் அதைச் செய்து காட்டினார்கள். நகலெடுக்கக் கடினமான டெஸ்ஃபயர் ஈவி2 அல்லது ஈவி3 கார்டு கேளுங்கள். கூடவே இன்னொன்றும் கேட்க வேண்டும்: ரீடர் கார்டின் உள்ளே உள்ள ரகசியச் சாவியை (டிஜிட்டல் குறியீட்டை) சரிபார்க்கிறதா, அல்லது வெறும் சீரியல் எண்ணை மட்டும் படிக்கிறதா? எண்ணை மட்டும் படித்தால் விலை உயர்ந்த கார்டுக்குக் கொடுத்த காசு வீண். கொட்டேஷனில் இது எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: கரண்ட் போனால் மேக்னெட்டிக் லாக் திறந்துகொள்கிறதே, திருட்டுக்கு வழி ஆகாதா? திறக்காத பூட்டாக மாற்றிவிடலாமா?

மின்சாரம் நின்றால் திறக்கும் பூட்டும் உண்டு, பூட்டியே இருக்கும் பூட்டும் உண்டு. ஆட்கள் வேலை செய்யும் இடத்தில் இரண்டாவதை வைப்பதானால், உள்ளிருந்து கைப்பிடியைத் திருகினாலே, மின்சாரமோ கார்டோ இல்லாமல், கதவு திறக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 1911-இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீயில் 146 பேர் இறந்தார்கள். தப்பிக்கும் வழிகளில் ஒன்றான கதவு பூட்டியிருந்தது. பொருள் திருடு போகக்கூடாது என்று பூட்டிய கதவுகள் உலகெங்கும் தொழிலாளர் உயிரைக் குடித்திருக்கின்றன.

மேக்னெட்டிக் லாக்கையே வைத்திருங்கள், பேட்டரி சேருங்கள். 600 பவுண்டு இழுவிசை தாங்கும் லாக் ஒன்று 12 வோல்ட்டில் ஏறத்தாழ அரை ஆம்பியர் இழுக்கும். 7 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி 14 மணி நேரம் தாங்கும். ரீடரும், கதவைத் திறப்பதா என்று முடிவு செய்யும் கன்ட்ரோலரும் அதில் ஓடுவதாலும், பேட்டரி பழசாவதாலும் பாதியைத்தான் நம்புவேன். ஃபயர் அலாரம் அடித்தால் லாக்குக்குப் போகும் மின்சாரம் நேரடியாக அறுபட வேண்டும். கதவருகே கண்ணாடி உடைக்கும் அவசர சுவிட்சுக்கும் அப்படியே. சாஃப்ட்வேர் வழியாகப் போகிற இணைப்பை ஏற்காதீர்கள். இரவில் யாரும் இல்லாத குடோனுக்கு ஷட்டரும் சாதாரணப் பூட்டும் கூடுதலாகப் போடலாம். ஆள் இருக்கும்போது அவை திறந்திருக்க வேண்டும்.

கேள்வி: ரீடரும் கன்ட்ரோலரும் ஒரே பெட்டியில் வருகிறதே, வயரிங் மிச்சமாகுமே?

வெளிச்சுவரில் மாட்டினால் திருடனுக்கும் வேலை மிச்சம். பெட்டியைக் கழற்றி, லாக்கை இயக்கும் இரண்டு வயர்களைச் சேர்த்தாலே கதவு திறந்துவிடும் மாடல்கள் நிறைய. கன்ட்ரோலர் உள்ளே, பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். வெளியே ரீடர் மட்டும். இரண்டுக்கும் இடையே வீகண்ட் என்ற பழைய வகை இணைப்பில் தகவல் மறைகுறியாக்கம் இல்லாமல் போகிறது. புதிதாக வயர் இழுப்பவர்கள் ஓஎஸ்டிபி என்ற புதிய வகை இணைப்பைக் கேட்டு, தகவலை மறைகுறியாக்கும் அதன் செக்யூர் சேனலை இயக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: உள்ளே வர அனுமதி உள்ளவர்களின் பட்டியலை நிர்வகிக்கக் கிளவுட் சேவையா, சொந்தக் கம்ப்யூட்டரா?

எதுவானாலும் சரி, நெட் போனாலும் கன்ட்ரோலர் தன் நினைவில் உள்ள பட்டியலை வைத்துக் கதவைத் திறக்க வேண்டும். வேலையை விட்டவரின் பெயரை அன்றைக்கே நீக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள், அவர் விடுப்பில் இருந்தால் செய்யவேண்டியவரையும் இப்போதே சொல்லிவையுங்கள்.