அடுப்பும் பூட்டும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "நல்ல சமுதாயம்னா எப்படி இருக்கணும்?"னு சும்மா ஒரு வரி கேட்டு வச்சேன். அதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு எதிர்பாக்கல. எல்லாத்துக்கும் எடம் இல்ல, எனக்குப் புடிச்சத மட்டும் எடுத்துருக்கேன், மத்தவங்க கோச்சுக்காதீங்க.

சார், எல்லாருக்கும் சாப்பாடு, ஒசத்தி தாழ்த்தி கிடையாது, சண்டை கிடையாது. இப்படி ஒரு சமுதாயம் நெஜமாவே வர முடியுமா? ஹாஸ்டல்ல இதப் பேசினா பசங்க கலாய்க்கறாங்க.
கல்லூரி மாணவர், கடலூர் முதுநகர்

கலாய்க்கட்டும் தம்பி, அதுவும் சமுதாயத்துல ஒரு அங்கம்தான். ஆனா அந்தப் பசங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க. உலகத்துல பல பேர் இதப் பத்தி பொஸ்தகம் மட்டும்தான் எழுதினாங்க, நம்ம ஏரியாவுல ரெண்டு பேர் செஞ்சே பாத்துருக்காங்க. உங்க ஊர்லேர்ந்து வடக்க பஸ் ஏறினா ஒண்ணு, மேற்க ஏறினா இன்னொண்ணு. ரெண்டையும் ஒரே நாள்ல பாத்துட்டு ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்துரலாம்.

வடக்க இருக்கறது ஆரோவில். 1968 பிப்ரவரி 28ந் தேதி, 124 நாட்டு மண்ணைக் கொண்டாந்து தாமரை மொட்டு மாதிரி இருக்கற ஒரு பளிங்குத் தாழியில போட்டு ஆரம்பிச்சாங்க. ஊர் யாருக்கும் தனிச் சொந்தம் இல்ல, மனுஷங்க எல்லாருக்கும் சொந்தம்னு, ஆரம்பிச்ச அரவிந்தர் ஆசிரமத்து அன்னை எழுதி வச்சாங்க. பிளான்படி 50,000 பேர் வரணும். அம்பது வருஷம் தாண்டியாச்சு, இன்னைக்கு இருக்கறது 3,000 சொச்சம். 1973ல அன்னை காலமானாங்க, அதுக்கப்பறம் நிர்வாகம் யாரு, பணம் யார் கையிலன்னு தகராறு, 1980ல பார்லிமென்ட் சட்டம் போட்டு அரசாங்கம் உள்ள வந்துச்சு, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1988ல தனிச் சட்டம் வந்து இப்ப சொத்தெல்லாம் அந்தச் சட்டப்படி அமைஞ்ச பவுண்டேஷன் கையில. 2021 கடைசியில பிளான்ல இருக்கற வட்ட ரோட்டுக்காக ஜேசிபி வந்துச்சு, ரோட்டுக்காக மரத்த வெட்டறதா, மரத்துக்காக ரோட்ட வளைக்கறதான்னு அவங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி. சண்டையே இல்லாத ஊரைக் கட்டப் போனவங்களுக்கு வக்கீல் இல்லாம முடியல பாருங்க.

ஆனா நக்கல் அடிச்சுட்டு மட்டும் போயிர முடியாது. எங்க தாத்தா காலத்துல அது வெறும் செம்மண் மேடு, மழை பேஞ்சா மண்ணு கரைஞ்சு கடலே செவப்பாயிடும்னு சொல்லுவாரு. இரும்பை கோயில் பக்கம் கேட்டா, கடுவெளிச் சித்தர் விட்ட சாபத்துலதான் அந்த பூமி காஞ்சு போச்சுன்னு கதையே உண்டு. அந்த எடத்துல இன்னைக்கு லட்சக்கணக்குல மரம். மனுஷன் மாறினானோ இல்லையோ, மண்ணு மாறிடுச்சு.

மேற்க இருக்கறது வடலூர். வள்ளலாரு 1867 மே 23ந் தேதி, பசிச்சவங்களுக்கு இலவசமா சோறு போடற தருமச்சாலைய ஆரம்பிச்சாரு, நிலம் பார்வதிபுரத்து ஜனங்க குடுத்தது. அன்னைக்குப் பத்த வச்ச அடுப்பு இன்னைக்கும் அணையலன்னு சொல்லுவாங்க, நீங்களே போய்ப் பாருங்க, எரியுது. 1872ல ஜோதி வழிபாட்டுக்குன்னு ஞான சபை கட்டினாரு. அங்கதான் எனக்குப் பிடிச்ச விஷயம் இருக்கு. சபை அவரு நெனச்ச மாதிரி நடக்கல, ஜனங்க அவர் சொன்ன நெறிக்கு வரலன்னு, அவரே சபையைப் பூட்டி சாவியைக் கையில எடுத்துக்கிட்டு மேட்டுக்குப்பம் போயிட்டாருன்னு சொல்றாங்க. "கடை விரித்தோம் கொள்வாரில்லை"ன்னு அவர் சொன்னதா வழங்கறது இதத்தான். ஆனா கவனிங்க, சபையத்தான் பூட்டினாரு, அடுப்ப அணைக்கச் சொல்லல.

ஏன் தருமச்சாலை நிக்குது, ஆரோவில் கோர்ட்டுக்குப் போச்சு? எனக்குத் தோணறத சொல்றேன். ஆரோவில் உள்ள வர்றவன வேற மனுஷனா மாறச் சொல்லுது. ஞான சபையும் அப்படித்தான், கொலை புலை (உயிரக் கொல்றது, கறி திங்கறது) தவிர்த்தவங்க மட்டும் உள்ள வாங்கன்னு வாசல்லயே எழுதியிருக்கு. தருமச்சாலை அப்படி எதுவும் கேக்காது. பசிச்சா உக்காரு. பந்தியில உங்க பக்கத்துல சாமியாரும் இருப்பாரு, ராத்திரி சரக்கடிச்சவனும் இருப்பான், பிக்பாக்கெட்டும் இருப்பான், பருப்பு எல்லாருக்கும் ஒரே கரண்டிதான். மனுஷன் நல்லவனா ஆனாத்தான் ஓடும்னு ஒரு ஏற்பாடு பண்ணினா அது அவனுக்காகக் காத்துக்கிட்டே கிடக்கும். அவன் இப்ப இருக்கற லட்சணத்துலயே ஓடற மாதிரி பண்ணினா நூத்தம்பது வருஷம் ஓடுது.

சோறு போட்டுட்டா சமுதாயம் ஆயிடுமான்னு கேப்பீங்க. ஆகாது. சம்பளம், நிலம், கல்யாணம், இதுல எதுக்கும் அந்த அடுப்புகிட்ட பதில் கிடையாது. நீங்க கேட்ட மூணுல முதல் ஒண்ணு சாத்தியம்னு காட்டிருச்சு, அவ்ளோதான் என்னால அடிச்சுச் சொல்ல முடியும்.

எங்க அம்மா இருபது வருஷமா ஆரோவில்ல ஒரு வீட்ல வேலை செய்யறாங்க. சமத்துவ நகரம்னு சொல்றாங்க. ஆனா சாயங்காலமானா அம்மா சைக்கிள எடுத்துக்கிட்டு வெளியதானே வர்றாங்க?
வாசகி, எடையஞ்சாவடி

வந்த லெட்டர்லயே இதுதான்மா பெரிய கேள்வி, நீங்க ரெண்டு வரியில முடிச்சுட்டீங்க. நியாயமா ஒண்ணு சொல்லணும், உங்க ஊரு, குயிலாப்பாளையம், இங்கல்லாம் இருந்து உள்ள போய்ச் சேந்து ஆரோவில்வாசியாவே ஆனவங்க நெறைய பேர் உண்டு, பள்ளிக்கூடம், வைத்தியம்னு ஊருக்கும் கொஞ்சம் வந்துருக்கு. ஆனா மல்லாட்டையும் கம்பும் போட்ட காட்டை வித்தவங்க வீட்டுப் புள்ளைங்க அதே காட்டுல தோட்ட வேலைக்குப் போறாங்கங்கறதும் உண்மை. ஒரு லட்சிய நகரத்தோட மேப்ப யாராவது காட்டினா நான் மொதல்ல தேடறது பாத்திரம் தேய்க்கற எடத்தத்தான். அங்க யாரு நிக்கறான்னு பெரும்பாலும் வரைஞ்சிருக்க மாட்டாங்க. அம்மாகிட்ட கேட்டு எழுதுங்க, அந்த வீட்டுக்காரங்க டீ குடுக்கறது எந்த டம்ளர்லன்னு. எனக்கு நெஜமாவே தெரிஞ்சுக்கணும்.

பிரெஞ்சுக்காரன் காலத்துல புதுச்சேரி எவ்ளோ ஒழுங்கு! சுத்தம், சட்டம், சமத்துவம். நம்ம கிட்ட வந்த லட்சிய சமுதாயத்த நாமளே தொலைச்சுட்டோம்னு தோணுது.
ஓய்வுபெற்ற ஆசிரியர், முத்தியால்பேட்டை

ஐயா, வயசுல பெரியவங்க நீங்க, ஆனா இந்தப் பேச்ச கேட்டா எனக்குக் கொஞ்சம் சுர்ர்னு ஏறும். சுத்தமா இருந்துச்சுதான், பெரிய வாய்க்காலுக்குக் கிழக்க. மேற்க இருந்தவங்கள யாரு கேட்டா? அவன் ஊர்ல சுதந்திரம் சமத்துவம் சகோதரத்துவம்னு செவுத்துல எழுதுவான், இங்க 1873ல பொன்னுத்தம்பி பிள்ளைன்னு ஒரு வக்கீல் ஷூ போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குள்ள வந்தாருன்னு வாதாட விடல. தமிழன்னா செருப்பு, இல்ல வெறுங்கால், அதான் வழக்கமாம். மனுஷன் விடலையே, பாரிஸ் கோர்ட் வரைக்கும் போயி ஜெயிச்சாரு. சமத்துவம் செவுத்துலேர்ந்து அவர் காலுக்கு வர்றதுக்குக் கப்பல் ஏற வேண்டியிருந்துச்சு!

அடுத்தது 1936 ஜூலை 30. எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கற உரிமைன்னு கேட்ட மில் தொழிலாளிங்க மேல துப்பாக்கிச் சூடு, சவானா மில்லுல 12 பேர் செத்தாங்க. அந்த உயிருங்க போனதுக்கப்பறம்தான் எட்டு மணி நேரம் சட்டமாச்சு. ஆசியாவுலயே இங்கதான் மொதல்லன்னு இப்ப மேடைக்கு மேடை பெருமை பேசறோம். அத வெள்ளக்காரன் தட்டுல வச்சு நீட்டல ஐயா, வ.சுப்பையா மாதிரி தொழிற்சங்கத் தலைவருங்க ஜெயிலுக்கும் வெளியிலயுமா அலைஞ்சு வாங்கினது. அதே ஊர்ல இன்னைக்கு ஒரு ஜவுளிக்கடைல காலைல ஒம்பது மணிக்கு நிக்க ஆரம்பிச்சு ராத்திரி ஒம்பதரைக்குக் கால் வீங்கி வீட்டுக்குப் போற பொண்ணு எனக்குச் சொந்தக்காரப் பொண்ணு. தொலைச்சோம்னு நீங்க சொல்றதுல இது ஒண்ணு மட்டும் உண்மை.

சாதி இல்லாத சமுதாயம் எங்கேர்ந்து ஆரம்பிக்கும்?
வாசகர், நெல்லிக்குப்பம்

பஸ்ஸுல வந்துருச்சு, ஓட்டல்ல பெரும்பாலும் வந்துருச்சு. சுடுகாட்டுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது. உங்க ஊர்ல எத்தன சுடுகாடுன்னு எண்ணிப் பாத்து எழுதுங்களேன்.

ஆபத்து வந்தா எல்லாரும் ஒண்ணா சேந்துடறோம், அது ஏன் அப்பறம் நிக்க மாட்டேங்குது?
வாசகி, தேவனாம்பட்டினம்

உங்க ஊருக்கு சுனாமியே தெரியும், நான் புதுசா என்ன சொல்ல. எனக்குத் தெரிஞ்சது தானே புயல், 2011 டிசம்பர் 30. எங்க தெருவுல பதினேழு நாள் கரண்ட் இல்ல. ஒரே ஒரு வீட்ல கைப்பம்பு, மொத்தத் தெருவும் அங்கதான் தண்ணி. ரெண்டு வருஷமா பேசாம இருந்த பக்கத்து வீட்டுக்காரரு எங்க வீட்டு முருங்க மரத்த வெட்டி ஒதுக்கிக் குடுத்தாரு, நாங்க அவங்க வீட்ல கஞ்சி குடிச்சோம், ராத்திரி பத்து மணி வரைக்கும் எல்லாரும் தெருவுலதான் பாய் போட்டு உக்காந்திருந்தோம். பதினெட்டாம் நாள் சாயங்காலம் கரண்ட் வந்துச்சு. ஓன்னு ஒரு சத்தம், அடுத்த நிமிஷம் எல்லாரும் உள்ள ஓடிட்டோம், மோட்டார் போடணும், போன் சார்ஜ் போடணும், சீரியல் பாக்கணும். நானும்தான் ஓடினேன். பாய எடுக்க யாரும் வெளிய வரல. சுயநலம்னு திட்டத் தோணல எனக்கு, ஒருத்தர் தயவு ஒருத்தருக்கு வேண்டியிருந்த வரைக்கும் சேந்திருந்தோம், தேவை முடிஞ்சுது. அந்தக் கைப்பம்பு இப்ப துருப்புடிச்சுக் கெடக்கு.

நீங்க சொல்ற லட்சிய சமுதாயத்துல உங்களுக்கு என்ன வேலை சார்? அங்கயும் கேள்வி பதில்தானா?
வாசகர், பண்ருட்டி

குசும்பு! போன தைப்பூசத்துக்கு வடலூர்ல காய் வெட்டப் போனேன், பெரிய சமூக சேவகன்னு நெனப்பு. பரங்கிக்காயக் குடுத்தாங்க. மூணாவது காய்லயே வெரல வெட்டிக்கிட்டேன். அங்க இருந்த ஒரு பாட்டி துணியக் கிழிச்சு கட்டு போட்டுட்டு, "நீ எந்திரிப்பா, போய் எலை போடு"ன்னுச்சு. எலையும் எனக்கு நேரா வரல, அகலப் பக்கத்த எடது பக்கம் போட்டுட்டேன்னு பந்தியில உக்காந்த ஒரு பொடியன் திருப்பிப் போட்டான்.