கப்பலில் அடுத்த பயணத்தை விற்கும் மேசைக்கு எப்படிப் போவது?

தம்பி, ஹோட்டல் ரிசப்ஷனில் மூன்று வருடம் இருந்திருக்கிறீர்கள். குரூஸ் கப்பலில் பயணிகளுக்கு அடுத்த பயணத்தை விற்கும் வேலைக்கு நேரடியாக வர முடியுமா, ஏஜென்ட் கேட்கும் பதிவுக் கட்டணத்தைக் கட்டலாமா, இரண்டு வருடம் ஓட்டினால் அமெரிக்காவிலேயே தங்கிவிட வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சின்னது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். வழி கிடையாது.

அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பலில் சேர உங்களுக்குக் கிடைப்பது சி1/டி விசா. அது கப்பல் ஊழியருக்கானது. அதில் இறங்குபவருக்கு அதிகபட்சம் 29 நாள்தான் அனுமதி, உள்ளே இருந்துகொண்டே வேறு விசாவுக்கு மாறவும் முடியாது. கப்பலில் ஓடிய மாதங்கள் எந்தத் துறைமுக நாட்டிலும் குடியிருந்த காலமாகக் கணக்கில் வராது. கப்பல் பஹாமாஸ், பனாமா, மால்டா, பெர்முடா என்று ஏதோ ஒரு நாட்டுக் கொடியில் ஓடும். உங்கள் வேலை அந்தக் கொடி நாட்டின் சட்டத்தின் கீழ் வரும், ஆனால் அந்த நாட்டில் குடியேறியதாக ஆகாது. குடியேறுவதுதான் நோக்கம் என்றால் வேறு வழி பாருங்கள். பணம் சேர்க்க, விற்பனை பழக, உலகம் பார்க்க என்றால் மேலே படியுங்கள்.

ஏஜென்ட் விஷயம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006 என்று ஒன்று இருக்கிறது, 2013 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி கப்பல் வேலை வாங்கித் தருவதற்காக ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு மட்டும் உங்கள் தலையில் விழலாம். விசாச் செலவு கப்பல் முதலாளியுடையது. எஞ்சின் அறையில் இருப்பவருக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். ஹோட்டல் பிரிவு, விற்பனை மேசை எல்லாமே அதில் கடலோடிகள்தான். ஆகவே பதிவுக் கட்டணம், சீட்டு உறுதிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கட்டாதீர்கள். வேலைக் கடிதம் வந்தால் அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள வேலைவாய்ப்புப் பக்கத்துக்குப் போய், அங்கே குறிப்பிட்டிருக்கும் முகவர் பட்டியலில் அந்த ஏஜென்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஜிமெயில் முகவரியிலிருந்து வரும் நியமனக் கடிதம் பெரும்பாலும் குப்பைதான்.

இனி வேலைக்கு வருவோம். ஒவ்வொரு கம்பெனியும் இந்த மேசைக்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. ராயல் கரீபியனில் நெக்ஸ்ட்குரூஸ், நார்வீஜியனில் குரூஸ்நெக்ஸ்ட், மற்ற பல இடங்களில் ஃபியூச்சர் குரூஸ். வேலைவாய்ப்புப் பக்கத்தில் தேடும்போது இந்தப் பெயர்களில்தான் தேட வேண்டும். பொதுவாக ஒரு மேனேஜர், கப்பலின் அளவைப் பொறுத்து ஒருவரோ சிலரோ கன்சல்டன்ட்கள், அவ்வளவுதான் குழு. இடம் குறைவு என்பதால் வெளியிலிருந்து நேரடியாக எடுப்பதும் குறைவு. டிராவல் ஏஜென்சியிலோ குரூஸ் கம்பெனியின் முன்பதிவு அழைப்பு மையத்திலோ விற்றவர்களுக்கு நேர்வழி திறக்கும். ஜெர்மன், ஸ்பானிஷ், போர்த்துகீஸ், மாண்டரின், ஜப்பானியம் மாதிரி ஒரு மொழி சரளமாக வந்தாலும் திறக்கும். ஹோட்டல் ரிசப்ஷன்காரருக்கு என் கணிப்பில் நல்ல வழி கெஸ்ட் சர்வீசஸ், அதாவது கப்பலின் ரிசப்ஷன். அதில் சேருங்கள், ஒன்றிரண்டு கான்ட்ராக்ட் முடியுங்கள், பிறகு உள்ளிருந்தபடியே மாற்றல் கேளுங்கள். உங்களுக்கு ஹோட்டல்களில் ஓடும் ஓபரா மென்பொருள் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். பல கப்பல்களில் ஓடும் ஃபிடெலியோ அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான், அதனால் கெஸ்ட் சர்வீசஸுக்கு அது நேரடியாக உதவும். உள்ளே வந்ததும் அடுத்த பயண மேசையின் மேனேஜரிடம் பழகுங்கள். ஓய்வு நேரத்தில் மேசைக்கு முன்னால் வரிசையை ஒழுங்குபடுத்தவோ கூட்டங்களில் கையேடு கொடுக்கவோ உதவலாமா என்று உங்கள் சூப்பர்வைசரின் அனுமதியோடு கேளுங்கள். அவர் எழுதித் தரும் பரிந்துரைக்கு இருக்கும் மதிப்பு எந்தச் சான்றிதழுக்கும் இல்லை.

சான்றிதழ் என்றதும் ஒன்று. எஸ்டிசிடபிள்யூ என்பது கடலோடிகளின் பயிற்சிக்கான சர்வதேச உடன்படிக்கை. அதன் அடிப்படைப் பயிற்சியில் நான்கு பகுதிகள் உண்டு: கடலில் உயிர் பிழைத்தல், தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பும் பொறுப்பும். பயணிகள் கப்பலில் ஆபத்து நேரத்தில் மக்களைத் திரட்டும் கடமை உங்களுக்கும் உண்டு, அதனால் கூட்டத்தைக் கையாளும் பயிற்சியும் வரும். சில கம்பெனிகள் இவற்றைக் கப்பலிலேயே தருகின்றன, சில கரையில் முடித்துவரச் சொல்கின்றன. எது தேவை, செலவு யாருடையது என்று நியமனக் கடிதத்தில் வந்த பிறகே பணம் கட்டிப் படியுங்கள். முந்திக்கொண்டு வாங்கி வைத்த சான்றிதழைக் கம்பெனி ஏற்காமல் போவது சாதாரணமாக நடக்கிறது.

மேசையில் உட்கார்ந்து என்ன விற்கிறார்கள்? இரண்டு விதம். ஒன்று, குறிப்பிட்ட கப்பல், தேதி, கேபின் எல்லாம் முடிவு செய்த பதிவு. இன்னொன்று, எங்கே போவது என்று முடிவு செய்யாமலே வைக்கும் முன்பணம். பிரின்சஸ் கப்பல்களில் ஃபியூச்சர் குரூஸ் டெபாசிட் என்பதும், டிஸ்னி கப்பல்களில் பிளேஸ்ஹோல்டர் என்பதும் இரண்டாவது வகை. கப்பலிலேயே பதிந்தால் முன்பணம் குறைவு, அல்லது அடுத்த பயணத்தில் செலவழிக்க ஆன்போர்டு கிரெடிட், அல்லது தள்ளுபடி. இவைதான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம். கரைக்குப் போய்விட்டால் அது கிடைக்காது என்பதுதான் விற்பனையின் முழுச் சூட்சுமம்.

நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். துறைமுக நாளில் பயணிகள் கரையில் இருப்பார்கள், மேசைக்குக் கூட்டம் மாலையில்தான். எந்தத் துறைமுகத்தையும் தொடாத கடல் நாள்தான் சந்தை நாள். ஏழு இரவுப் பயணத்தில் இரண்டு கடல் நாள், நாளுக்கு ஆறு மணி நேரம், ஒருவருக்கு 20 நிமிடம் என்றால் ஒரு கன்சல்டன்ட் 36 பேரிடம்தான் நிதானமாகப் பேச முடியும். இரண்டு பேர் இருந்தால் 72. கப்பலில் 3000 பயணிகள், அதாவது ஏறத்தாழ 1500 கேபின் என்றால் இருபது கேபினுக்கு ஒன்றுகூடத் தேறாது. மாலை நேரத்தைச் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் வராது. அதனால்தான் தியேட்டரில் கூட்டம் போட்டுப் பேசுவதும், அடிக்கடி வரும் பயணிகளுக்கான விருந்தில் நின்று முகம் பழகுவதும். யாரிடம் 20 நிமிடம் கொடுப்பது என்று முதல் இரண்டு நாளிலேயே கண்டுபிடிப்பவர்தான் இலக்கை எட்டுவார். கடைசிக் கடல் நாளில் திடீரென்று வரிசை நீளும். அன்றைக்கு வருபவர்களில் பாதிப்பேர் விலை கேட்டுவிட்டுப் போக வந்தவர்கள், மீதிப்பேர் கையெழுத்துப் போடத் தயாராக வந்தவர்கள். இரண்டும் முகத்தில் ஒரே மாதிரித்தான் தெரியும்.

நேர்காணல் பெரும்பாலும் வீடியோவில்தான், நடித்துக் காட்டச் சொல்வார்கள். "வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன்" என்பார் பயணியாக நடிப்பவர். சலுகை இன்றோடு முடிகிறது என்று பாய்ந்துவிடாதீர்கள். யோசிக்க வேண்டியது தேதியா, கூட வருபவரா, பணமா என்று கேளுங்கள். தேதி என்றால் தேதி வேண்டாத முன்பணத்தைக் காட்டுங்கள், அது எத்தனை காலம் செல்லும், திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். அடுத்த கேள்வி, "எனக்கு ஊரில் டிராவல் ஏஜென்ட் இருக்கிறார்." இதில்தான் பலர் தவறுகிறார்கள். பயணியின் ஏஜென்சியைப் பதிவிலேயே இணைக்கலாம், அவருடைய கமிஷன் அவருக்குப் போகும், பயணிக்குக் கப்பல் சலுகையும் கிடைக்கும். ஏஜென்ட்டைக் குறை சொல்லி விற்கப் பார்த்தால் நேர்காணலில் தோற்பீர்கள். வேலையில் இருந்தால் புகார் வரும். கம்பெனிக்கு வியாபாரம் கொண்டுவருபவர்களில் பெரும்பங்கு அந்த ஏஜென்ட்கள்தான்.

விற்பதைவிடப் பதிவைச் சரியாகப் போடுவதுதான் கடினம். எங்கே கெடுகிறது என்று சொல்கிறேன். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இல்லாமல் செல்லப் பெயரில் ஏறிவிடும். அடிக்கடி வரும் பயணிகளுக்கான உறுப்பினர் எண்ணை இணைக்காமல் விட்டால் பயணியின் சலுகைத் தரம் உயராது, அவர் மறுபடி கப்பலில் வரும்போது உங்களைத் தேடுவார். திரும்பக் கிடைக்காத முன்பணக் கட்டணத்தை விலை குறைவு என்று விற்றுவிட்டு, அந்த வார்த்தையைச் சொல்லாமல் விடுவது. தனியாக வருபவரிடம் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணம் கேட்கப்படும் என்பதை மறைப்பது. கேபின் வரைபடத்தில் மேலே என்ன, கீழே என்ன என்று பார்க்காமல் கொடுப்பது: நீச்சல்குளத்துக்கு நேர் கீழே இருந்தால் அதிகாலையில் நாற்காலி இழுக்கும் சத்தம், தியேட்டருக்கு மேலே இருந்தால் நடு இரவு வரை பாட்டு, லைஃப்போட்டுக்கு எதிரே இருந்தால் ஜன்னலில் கடல் தெரியாது. பக்கத்துக் கேபினுக்குப் போகும் நடுக்கதவுள்ள கேபினைக் குழந்தைகள் உள்ள குடும்பத்துக்குக் கொடுத்தால் வரம், தேனிலவுத் தம்பதிக்குக் கொடுத்தால் சாபம். பயணம் முடியும் நாளில் கர்ப்பம் 24 வாரம் எட்டியிருந்தால் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றாது. கைக்குழந்தைக்குப் பொதுவாக ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும், பெருங்கடலைக் கடக்கும் பயணங்களில் ஒரு வருடம்கூடக் கேட்பார்கள்.

அடுத்தடுத்து இரண்டு பயணம் எடுப்பவர்தான் உங்கள் சிறந்த வாடிக்கையாளர், ஆபத்தான வாடிக்கையாளரும் அவர்தான். அமெரிக்காவில் 1886ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டுக் கொடிக் கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்க வேண்டுமானால், இடையில் தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டிருக்க வேண்டும். கனடா, மெக்சிகோ, பஹாமாஸ், பெரும்பாலான கரீபியன் தீவுகள் தொலைதூரக் கணக்கில் வராது. அரூபா, பொனேர், குராசாவ் மூன்றும், தென் அமெரிக்காவும் வரும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வான்கூவர் ஒரு பயணம், அதே கப்பலில் வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் விட்டியர் இன்னொரு பயணம். தனித்தனியாக இரண்டும் சரி. ஒரே ஆள் இரண்டையும் சேர்த்து எடுத்தால் சட்டப்படி அது லாஸ் ஏஞ்சலஸ்-விட்டியர் ஒரே பயணம், அபராதம் கம்பெனிக்கு. கம்ப்யூட்டர் இதை எப்போதும் பிடித்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். பல மாதம் கழித்து ரத்து என்று கடிதம் போனால் பயணியின் கோபம் உங்கள் பெயர் மேல்தான்.

இதற்கும் சம்பளத்துக்கும் தொடர்பு உண்டு. வருமானத்தில் பெரும்பகுதி கமிஷன். பயணி ரத்து செய்தால் அந்தக் கமிஷனைத் திரும்பப் பிடிக்கும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. அவசரப்படுத்தி விற்ற பதிவுகள்தான் முதலில் உதிரும். எந்தக் கப்பல் கிடைக்கிறது என்பதும் கணக்கை மாற்றும். மூன்று, நான்கு இரவுப் பயணங்களில் முதல்முறைப் பயணிகள் அதிகம், கடல் நாள் குறைவு, விற்பனை மெலிவு. நீண்ட பயணங்களில் பழைய வாடிக்கையாளர்கள் அதிகம், அவர்கள் மேசைக்குத் தாமாகவே வருவார்கள். புதியவருக்கு எந்தக் கப்பல் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அநேகமாக இருக்காது.

கேபின் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கலாம். பயணிகள் பகுதியில் நடமாட அனுமதி இந்த வேலைக்குப் பெரும்பாலும் உண்டு, ஆனால் பயணி எதிரே வந்தால் அந்த நேரமும் வேலை நேரம்தான். லைஃப்போட் ஒத்திகையில் உங்களுக்கென்று ஒரு இடமும் கடமையும் இருக்கும், மேசையில் யார் காத்திருந்தாலும் அதற்குப் போக வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: உறுதிச் சம்பளம் எவ்வளவு, கமிஷன் எந்தத் தேதியில் சம்பாதித்ததாக ஆகிறது, பதிவு செய்த நாளிலா பயணம் புறப்பட்ட நாளிலா, ரத்தானால் எத்தனை மாதம் வரை பிடிப்பார்கள், நீங்கள் இறங்கிய பிறகு வரும் கமிஷன் யாருக்கு, சேரும்போது விமானச் செலவு யாருடையது. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் செலவு உடன்படிக்கைப்படி முதலாளியுடையது. கான்ட்ராக்ட் பொதுவாக ஆறிலிருந்து எட்டு மாதம், நடுவில் உள்ள விடுமுறைக்குப் பெரும்பாலும் சம்பளம் இல்லை, ஆக மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கிக் கடன் வாங்காதீர்கள். ஓய்வு 24 மணி நேரத்தில் குறைந்தது பத்து மணி, வாரத்துக்கு 77 மணி. கையெழுத்துக்கு முன் படித்து யாரிடமாவது ஆலோசனை கேட்கவும், கையெழுத்தான மூலப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு.

விண்ணப்பத்தில் "விருந்தோம்பலில் ஆர்வம்" என்று எழுதியிருந்த வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ரிசப்ஷனில் மாதம் எத்தனை பேருக்கு அடுத்த தர அறையை விற்றீர்கள், எத்தனை பேரை உறுப்பினர் திட்டத்தில் சேர்த்தீர்கள் என்ற எண்களைப் போடுங்கள். எண் கையில் இல்லையென்றால் இந்த மாதத்திலிருந்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், மூன்று மாதம் கழித்து விண்ணப்பியுங்கள்.