வாசிக்கும்போது மட்டும் மடங்கும் விரல்

கேள்வி: குடியாத்தத்தில் நாகசுரம் வாசிக்கிறேன். வயது 38. ஓராண்டாக வேகமான இடங்களில் வலது மோதிரவிரல் தானாக உள்ளே மடங்கிக்கொள்கிறது. வலி இல்லை. சாப்பிடவோ எழுதவோ வண்டி ஓட்டவோ சிரமம் இல்லை. எக்ஸ்ரேயிலும் கோளாறு தெரியவில்லை. இன்னும் கூடுதலாகச் சாதகம் செய்தால் சரியாகுமா?

பதில்: கூடுதல் சாதகம் வேண்டவே வேண்டாம். விரல் சொன்னபடி கேட்கவில்லை என்றதும் கலைஞர்கள் முன்பைவிட அதிக நேரம் வாசித்துப் பார்க்கிறார்கள். பிழையான அசைவு அதனாலேயே வேரூன்றிவிடுகிறது.

நேரில் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. ஆனால் வலியில்லாமல், வாத்தியத்தை எடுத்தால் மட்டும் விரல் மடங்குகிறது என்றால் நரம்பியல் மருத்துவர் முதலில் சந்தேகிப்பது ஃபோகல் டிஸ்டோனியாவைத்தான். உடலின் ஒரு பகுதியில் மட்டும் தசைகள் நம் விருப்பமின்றி இறுகும் கோளாறு இது. பேனாவைப் பிடித்ததும் சிலருக்குக் கை முறுக்கிக்கொள்வதும் இந்த வகையே. பழுது எலும்பில் இல்லாததால் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது.

மூளையின் மேலடுக்கான புறணியில் விரல்களுக்கென்று தனித்தனிப் பரப்புகள் உண்டு. நாகசுரத்தின் ஏழு துளைகளில் விரல்கள் மின்னல் வேகத்தில் விழுந்து எழும்போது, பக்கத்து விரல்களின் தொடுவுணர்வு ஏறக்குறைய ஒரே நேரத்தில் மூளைக்குப் போய்ச் சேருகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால், சிலருக்கு அந்தப் பரப்புகள் வரப்பு கரைந்த வயல்களைப் போல ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அமெரிக்காவில் நான்சி பைல், மைக்கேல் மெர்செனிக் குழுவினர் குரங்குகளை ஒரு கைப்பிடியைத் திரும்பத் திரும்பப் பிடிக்கப் பழக்கி, அவற்றின் மூளையிலும் பரப்புகள் இப்படியே கலந்திருப்பதைக் கண்டு 1996இல் வெளியிட்டார்கள்.

இன்னொரு பிசகும் இதில் உண்டு. ஒரு விரலை அசைக்கும்போது, அண்டை விரல்களின் தசைகளை மூளை அடக்கியும் வைக்க வேண்டும். அந்த அடக்கம் தளர்ந்தால், நடுவிரலுக்குப் போகும் கட்டளை மோதிரவிரலுக்கும் கசிகிறது. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் சேர்ந்தே இறுகுகின்றன. புறணி, அதன் அடியிலுள்ள பேசல் கேங்லியா என்னும் நரம்பணுத் திரள்கள், சிறுமூளை ஆகியவற்றை இணைக்கும் வலைப்பின்னலில் இந்தக் கோளாறு இருப்பதாகக் கருதுகிறோம். ஒரே அளவு சாதகம் செய்தும் சிலருக்கு மட்டும் வருவதில் மரபணுக்களுக்கும் பங்குண்டு. கண்ணேறு என்றோ வித்தை குறைந்துவிட்டது என்றோ யாராவது சொன்னால் தயவுசெய்து காதில் வாங்காதீர்கள்.

அமெரிக்கப் பியானோ கலைஞர் லியான் ஃபிளைஷருக்கு 1960களில் வலக்கை விரல்கள் இப்படித்தான் சுருண்டன. 1990களில் பொட்டுலினம் ஊசியின் துணையோடு அவர் மீண்டும் இரு கைகளாலும் வாசித்தார். அதிகமாக இறுகும் தசையை அந்த ஊசி தளர்த்தும். பலன் ஏறக்குறைய மூன்று மாதம் நிற்கும். ஆனால் அளவு சற்றுக் கூடினாலும் விரல் துளையை முழுதாக மூடாது, சுரம் பிசிறும். ஆகவே அனுபவமுள்ள கைகளில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். விரல் மடங்காத அளவுக்கு வேகத்தைக் குறைத்து, நிபுணர் மேற்பார்வையில் விரல்களை மறுபடி பழக்கும் பயிற்சியும் உண்டு. அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குச் செல்லுங்கள். வாந்திக்கோ மனநலத்துக்கோ மருந்து சாப்பிட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். சில மருந்துகளும் டிஸ்டோனியாவை வரவழைக்கும். நாகசுரத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வெறும் கையை நீட்டிக் காட்டினால் அது சரியாகத்தான் இருக்கும். மருத்துவர் முன்னால் வாசித்துத்தான் காட்ட வேண்டும்.