மாரடைப்புக்குப் பிறகு ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள், இன்னொரு அடைப்பை அப்படியே விட்டுவிட்டார்கள். அம்மாவால் பழையபடி இருக்க முடியுமா?

அம்மாவுக்கு 58 வயது, மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், வலது பக்கக் குழாயில் 50 சதவீத அடைப்பு இருந்தும் அதைத் தொடவில்லை, கையோடு அதையும் சரிசெய்திருக்க வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஏறக்குறைய இதே ரிப்போர்ட் என் பீரோவிலும் இருக்கிறது. எல்.ஏ.டி. என்று சொல்கிற முன்பக்கக் குழாயில் 95 சதவீத அடைப்பு, அங்கே ஸ்டென்ட். வலது குழாயில் 50, அதற்கு மாத்திரை மட்டும். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், எங்கள் பள்ளியில் லிஃப்டும் கிடையாது.

அந்த 50 பற்றி முதலில் பேசிவிடலாம், எனக்கும் அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. நம் ஆட்கள் நினைப்பது என்னவென்றால் போர்வெல் குழாயில் உப்புப் படிகிற மாதிரி கொழுப்பு படிகிறது, மொத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று. அது அப்படி இல்லை. கொழுப்பு குழாயின் சுவருக்குள்ளே சேர்கிறது, ஒரே இடத்தில் இல்லை, நீளத்துக்கும் அங்கங்கே. ஸ்டென்ட் என்பது அதில் ஒரு இடத்தை மட்டும் விரித்துப் பிடித்துக்கொள்கிற வலை. மாரடைப்பு எப்படி வருகிறது என்றால், சுவருக்குள் இருக்கும் அந்தப் படிவின் மேல் தோல் திடீரென்று கிழிகிறது, கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. கிழிவது எப்போதும் பெரிய அடைப்புதான் என்றில்லை, பல பேருக்குச் சின்ன அடைப்புதான் கிழிகிறது. அதனால் 50 சதவீதம் இருக்கிற இடத்தில் எல்லாம் வலை வைப்பதால் பெரிதாக லாபமில்லை. எது கிழியும் என்று யாருக்கும் தெரியாது, எல்லாவற்றையும் கிழியாமல் கெட்டிப்படுத்துவதுதான் வழி, அந்த வேலையைச் செய்வது மாத்திரை.

பொதுவாக 70 சதவீதத்துக்கு மேல் போனால்தான் ரத்த ஓட்டத்தைத் தடுக்கிற அடைப்பு என்று கணக்கு. இடது பக்கத்து முதன்மைக் குழாய்க்கு மட்டும் 50-ஐயே பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள். இடைப்பட்ட அளவில் சந்தேகம் இருந்தால் மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே அனுப்பி அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளப்பார்கள், பின்னால் உள்ள அழுத்தம் முன்னால் உள்ளதில் 0.80 பங்குக்கு மேல் இருந்தால் விட்டுவிடலாம். மாரடைப்பு வந்தவருக்கு இரண்டாவது குழாயில் 70, 80 என்று இருந்தால் கதை வேறு, அதையும் சில வாரத்துக்குள் சரிசெய்வதுதான் இப்போதைய வழக்கம். அம்மாவுக்கு அது 50 என்றால் யாரும் அரைகுறையாக விடவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அடைத்த குழாயைத் திறப்பது உயிரைக் காப்பாற்றுகிறது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மாரடைப்பு வராமல், நடந்தால் மட்டும் நெஞ்சு இறுக்கும் என்று நிலையாக இருக்கிறவர்களுக்கு? 2019-இல் முடிவு வெளியான இஸ்கீமியா என்ற பெரிய ஆய்வு, ஐந்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்தது. ஒரு பாதிக்கு ஸ்டென்ட்டோ பைபாஸோ, மறு பாதிக்கு முதலில் மருந்து மட்டும். சாவிலோ மாரடைப்பிலோ சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. நெஞ்சு வலி குறைந்ததில் மட்டும் ஸ்டென்ட், பைபாஸ் பக்கத்துக்கு நல்ல வித்தியாசம் இருந்தது. இதைப் படித்த பிறகுதான் "உள்ளே ஒன்று விட்டு வைத்திருக்கிறார்கள்" என்ற நினைப்பு எனக்கு அடங்கியது.

சரி, மாத்திரை. ஸ்டென்ட் வைத்த புதிதில் அந்த வலை ரத்தத்துக்கு அந்நியப் பொருள், அதன் மேல் ரத்தம் உறையப் பார்க்கும். அதைத் தடுக்க இரண்டு மாத்திரை, ஒன்று ஆஸ்பிரின் 75 மி.கி., கூட குளோபிடோகிரெல் அல்லது டிகாக்ரிலார் அல்லது பிராசுகிரெல். மாரடைப்பு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருடம் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அப்புறம் ஒன்று தொடரும். பல் பிடுங்குகிறவர் "ரெண்டு நாள் நிறுத்திட்டு வாங்க" என்று சாதாரணமாகச் சொல்வார். இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். எங்கள் சொந்தத்தில் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் வினிகர், தேன் கஷாயத்தை நம்பி மூன்றாம் மாதமே மாத்திரையை விட்டார், ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மறுபடி கேத் லேபுக்கு, அதாவது ஸ்டென்ட் வைக்கிற அறைக்கு, போனார். கஷாயம் குடிப்பது அவரவர் விருப்பம், அது அடைப்பைக் கரைக்காது, அவ்வளவுதான்.

எனக்கு முதலில் டிகாக்ரிலார் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு பிடிக்கிற மாதிரி வரும், பெருமூச்சு விட்டால் சரியாகும், மறுபடி வரும். ஸ்டென்ட் அடைத்துவிட்டது என்றே நினைத்தேன், வீட்டுக்காரர் ராத்திரி பூராவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். போய்ச் சொன்னால் இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை, அந்த மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யும் என்று குளோபிடோகிரெல்லுக்கு மாற்றினார்கள், சில நாளில் போய்விட்டது. அம்மாவுக்கும் அப்படி வந்தால் பயந்து தானாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். கையில் எங்காவது இடித்தால் நீலம் பாரிப்பது, பல் தேய்க்கும்போது லேசாக ரத்தம், இதெல்லாம் வரும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் மட்டும் உடனே ஆஸ்பத்திரி. அப்புறம் முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிற டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வகையறா இனி வேண்டாம், ரத்தக் கசிவுக்கும் இதயத்துக்கும் இரண்டுக்குமே ஆகாது. பாராசிட்டமால் போதும். அம்மா வயதில் முட்டி வலி இல்லாதவர் யார், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது முக்கியமானது கொழுப்பு மாத்திரை, அட்டோர்வாஸ்டாடின் அல்லது ரோசுவாஸ்டாடின். "எனக்குக் கொலஸ்ட்ரால் நார்மல்தானே, இது எதுக்கு?" என்று நிறைய பேர் இதைத்தான் முதலில் விடுகிறார்கள். லேப் ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் நார்மல் நோய் இல்லாதவர்களுக்கு. நமக்கு எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே இருக்க வேண்டும், ஐரோப்பிய வழிகாட்டுதல்படி 55-க்கும் கீழே. அந்த 50 சதவீத அடைப்பைக் கெட்டியாக்கி, கிழியாமல் பிடித்து வைப்பது இந்த மாத்திரைதான், நன்றாக எல்.டி.எல். குறைந்தால் சிலருக்கு அடைப்பு கொஞ்சம் சுருங்கவும் செய்கிறது. உடம்பு வலி அதிகமிருந்தால் அளவைக் குறைப்பார்கள், வேறு மாத்திரை சேர்ப்பார்கள், வழி உண்டு.

பயம் பற்றி. முதல் சில மாதம் நெஞ்சில் எறும்பு கடித்தால்கூடக் கை அங்கே போகும். எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது: ஒரு விரலால் இங்கேதான் என்று தொட்டுக் காட்ட முடிகிற வலி, அழுத்தினால் கூடுகிற வலி, சுருக்கென்று சில நொடி வந்து போகிற வலி, இவை பெரும்பாலும் இதயம் இல்லை. நெஞ்சு முழுக்கப் பாரம், நடந்தால் வந்து நின்றால் குறைவது, தாடைக்கும் கைக்கும் முதுகுக்கும் போவது, கூடவே வியர்வை, இது இதயம். அப்படி வந்தால், ரத்தக் குழாயை விரிக்க நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை ஒன்றை, உட்கார்ந்துகொண்டு வையுங்கள், நின்றபடி வைத்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றி விழ நேரும். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, அதை நம்பி நேரத்தைக் கொல்ல வேண்டாம்.

இதில் பெண்களுக்கு, அதுவும் சர்க்கரை உள்ள பெண்களுக்கு, ஒரு சிக்கல் இருக்கிறது. நெஞ்சு வலியே இல்லாமலும் வரலாம். எனக்கு வந்தது தாடையும் மேல் முதுகும் கனப்பது, காரணமில்லாத களைப்பு, மாடி ஏறினால் வியர்வை. முதலில் காட்டிய கிளினிக்கில் கேஸ் என்று சொல்லி ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள், இசிஜி எடுக்கவில்லை. என் வயதில் ஓர் ஆண் போய் இதையே சொல்லியிருந்தால் எடுத்திருப்பார்கள் என்பது என் எண்ணம், தவறாகவும் இருக்கலாம். மறுநாள் வேறு இடத்தில் இசிஜி எடுத்தவுடன் மாத்திரைகளைக் கையில் கொட்டி விழுங்கச் சொல்லி, ஆம்புலன்ஸில் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். 2023 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் இதைத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8, மொத்தம் 14 மாத்திரை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே. கிராமத்தில் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? சும்மா கேட்கவில்லை. வீட்டில் ஆணுக்கு ஸ்டென்ட் வைத்தால் ஆறு மாதம் அவரைத் தாங்குகிறார்கள். பெண்ணுக்கு வைத்தால் ஒரு வாரம் சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து, மாரடைப்பில் போய்ச்சேர்ந்தவர்கள் கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள், எட்டாம் நாள் அவள்தான் அவர்களுக்குக் காபி போடுகிறாள். ஸ்டென்ட்டைக் கை நரம்பு வழியாக அனுப்பி வைத்திருந்தால் சில நாள் அந்தக் கையால் குடம், கிரைண்டர் கல், சிலிண்டர் தூக்கக் கூடாது. அதற்குப் பிறகும் மாரடைப்பில் அடிபட்ட தசை ஆற சில வாரமாகும். எக்கோவில் பம்பிங் என்று சொல்வார்களே, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தின் சதவீதம், எனக்கு அது 42 இருந்தது, மூன்று மாதம் கழித்து 52. 55-க்கு மேல் இருந்தால் நார்மல் என்கிறார்கள், அந்த 52-ஐ வைத்தே எல்லா வேலையும் பார்க்கிறேன். கொஞ்ச நாள் காரணமில்லாமல் அழுகையும் வரும். வாரக்கணக்கில் நீடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், வெட்கப்படுகிற விஷயமில்லை.

நடை முதலில் வீட்டு வாசலுக்குள், அப்புறம் தெரு, அப்புறம் ஊர். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் சரியான வேகம். சாப்பிட்டவுடன் வேண்டாம். பழனி மலைக்கு வின்ச்சில் ஏறிப் படியில் இறங்கி வந்தேன், அடுத்த முறை ஏறியும் பார்ப்பதாக இருக்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆஸ்பத்திரியில் யாரும் வாய்திறந்து கேட்க மாட்டார்கள்: இரண்டு மாடி மூச்சு வாங்காமல் ஏற முடிந்தால் தாம்பத்தியத்துக்குப் பொதுவாகத் தடையில்லை. ஆண்களுக்கான வயாக்ரா வகை மாத்திரையும் சார்பிட்ரேட்டும் மட்டும் சேரவே கூடாது.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் எழுதுவதால் நான் நீட்டவில்லை. பொள்ளாச்சிக்காரியைத் தேங்காயே தொடாதே என்றால் நடக்கிற காரியமா? சட்னி வாரத்துக்கு இரண்டு தடவை, அதுவும் பொட்டுக்கடலை கூட்டி. எண்ணெயை விட உப்பைத்தான் நாம் கவனிப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன், ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு எல்லாவற்றையும் சேர்த்து.

ஸ்டென்ட் எத்தனை வருடம் தாங்கும் என்று உங்களுக்கும் தோன்றும். அதற்குக் காலாவதித் தேதி கிடையாது. மருந்து தடவிய ஸ்டென்ட்டில் மறுபடி சுருங்குவது பத்துப் பேரில் ஒருவருக்கும் குறைவு. இதயக் குழாய் அடைப்பைப் பலூனால் விரிக்கிற சிகிச்சையை முதன்முதலில் 1977-இல் ஜூரிச்சில் கிரண்ட்சிக் என்ற டாக்டர் செய்தார், ஸ்டென்ட் எல்லாம் வருவதற்கு முன்பு. அந்த நோயாளி 38 வயதுக்காரர், அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். செலவைப் பொறுத்தவரை, 2017 பிப்ரவரியில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்த பிறகு மருந்து தடவிய ஸ்டென்ட் 30,000 ரூபாய் அளவுக்கு வந்தது, பிறகு கொஞ்சம் ஏறினாலும் 2025-இல் வரி நீங்கலாக 40,000-க்குள்தான் இருந்தது. பில்லில் மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிக் கணக்கு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அதில் அம்மாவின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஆஞ்சியோ, அதாவது இதயக் குழாய்களை மருந்து செலுத்திப் படம் பிடித்தது, அந்த சி.டி.யைக் கேட்டு வாங்கினீர்களா? டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் போய்க் கேளுங்கள். அந்த 50 சதவீதத்தைப் பின்னால் யார் பார்த்தாலும் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் கூடியிருக்கிறதா இல்லையா என்று தெரியும். ஸ்டென்ட்டுக்கு ஓர் அட்டை தருவார்கள், அதில் அளவும் கம்பெனியும் தேதியும் இருக்கும், அதை மொபைலில் படம் எடுத்து அம்மாவின் பர்ஸிலும் ஒரு பிரதி வையுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.