செய்தித்தாளில் எல்லாமே ஏன் 'வருகிறது' என்று முடிகிறது?

செய்தித்தாளில் எல்லா வாக்கியமும் 'வருகிறது' என்று முடிகிறதே, பேச்சில் அப்படி இல்லையே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் சொல்வது சரிதான். வீட்டில் யாரும் "அம்மா சமைத்து வருகிறார்" என்பதில்லை, "சமைச்சுட்டு இருக்காங்க" என்றுதான் சொல்வோம். ஆனால் பேப்பரைப் பிரித்தால் போலீசார் தேடி வருகின்றனர், காயமடைந்தவர் சிகிச்சை பெற்று வருகிறார், தக்காளி விலை உயர்ந்து வருகிறது. இது வெறும் பத்திரிகைப் பழக்கம், மாற்றிவிட வேண்டியதுதானே என்பது அவர் கேள்வி. பாதி இடங்களில் மாற்றலாம், மீதி இடங்களில் மாற்றினால் அர்த்தமே போய்விடும்.

'கொண்டிரு', 'வரு' இரண்டும் இன்னொரு வினையோடு சேர்ந்து அது தொடர்வதைச் சொல்லும் துணைவினைகள். 'கொண்டிரு' கண்ணெதிரே நடப்பதற்கு. ஜன்னல் வழியாகப் பார்த்து "மழை பெய்துகொண்டிருக்கிறது" என்போம். "நீலகிரியில் கடந்த சில நாட்களாக மழை பெய்து வருகிறது" என்று செய்தியில் படிக்கிற நிமிடத்தில் அங்கே வெயில் அடித்தாலும் தப்பில்லை, விட்டுவிட்டுப் பெய்வதையும் 'வரு' தாங்கும். ராத்திரி எழுதி மறுநாள் காலை காபியோடு படிக்கப்படுகிற செய்திக்கு இதைவிட வசதியான வினை எங்கே கிடைக்கும்? உயர், குறை, பரவு, அதிகரி மாதிரி மெல்ல மெல்ல மாறுவதைச் சொல்லும் வினைகளோடு இன்னும் கச்சிதம். மேட்டூர் அணையின் நீர்மட்டம் "உயர்ந்து வருகிறது" என்றால் செய்தி. "உயர்ந்துகொண்டிருக்கிறது" என்றால் யாரோ அணைமேல் நின்று வேடிக்கை பார்த்துச் சொல்வது போல இருக்கும்.

தொல்காப்பியத்தில் ஒரு விதி உண்டு: தரு, வரு இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல், கொடு இரண்டும் படர்க்கைக்கு உரியவை. அதாவது 'வரு' என்பது என்னையோ உன்னையோ நோக்கிய அசைவு. அங்கே அது இடத்துக்குச் சொன்னது, ஆனால் காலத்துக்கும் அப்படியே பொருந்துகிறது என்பது என் எண்ணம். எப்போதோ தொடங்கியது நான் நிற்கிற இன்றைக்கு வந்து சேர்வதால்தான் "தொன்றுதொட்டு இருந்து வருகிற வழக்கம்" என்கிறோம். எங்கே போய் நிற்குமோ என்ற கவலை வந்துவிட்டால் அதே விலை "ஏறிக்கொண்டே போகிறது".

இறந்தகாலத்தில் இது இன்னும் கூர்மை. "அப்பகுதியில் மளிகைக்கடை நடத்தி வருகிறார்" என்றால் அவர் பெரும்பாலும் புகார் கொடுத்தவர். "நடத்தி வந்தார்" என்று போட்டிருந்தால், அடுத்த வரிக்குப் போகும் முன்பே ஆள் உயிரோடு இல்லை என்று தெரிந்துவிடும். க்ரைம் செய்தி படித்துப் பழகியவர்களுக்கு அந்த ஒரு வந்தார் போதும்.

சரி, எரிச்சலூட்டுவது எது? கடைசி வரி. "போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்." இலங்கைப் பத்திரிகை என்றால் "பொலிஸார் மேலதிக விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர்." எப்போது தொடங்கினார்கள், யாரை விசாரித்தார்கள், ஒன்றும் இருக்காது. இந்த வினைக்கு முடிவைச் சொல்லும் கடமையே இல்லை என்பதால் செய்தியை அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். இன்னொரு வேடிக்கை, இதை மறுத்தும் எழுத முடியாது: "விசாரித்து வரவில்லை" என்று எங்காவது பார்த்திருக்கிறீர்களா? விசாரணை நின்றுபோனதைச் சொல்ல நம் செய்தித் தமிழில் தயாராக ஒரு வாக்கியம் இல்லை, "வாலிபருக்கு வலை" என்று தலைப்புப் போட மட்டும் எப்போதும் இடம் இருக்கிறது.

அப்புறம் வெறும் அடைப்புக்காக வருபவை. "பதற்றம் நிலவி வருகிறது", "கோரிக்கை இருந்து வருகிறது", போன வருஷத்து வீடியோவுக்கு "வைரலாகி வருகிறது". நான் திருத்தும்போது, வாக்கியத்தில் "எப்போதிலிருந்து" என்பதற்குப் பதில் இருக்கிறதா, மெல்ல மாறுகிற சங்கதியா என்று பார்ப்பேன். இரண்டும் இல்லையென்றால் 'வரு'வை எடுத்துவிட்டுப் படிப்பேன். "பதற்றம் நிலவுகிறது" என்பதில் என்ன குறைந்துவிட்டது?

எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று பாக்கி. 'வரு' தன் சொந்த அர்த்தத்தை முழுக்க விட்டுவிடவில்லை, அதனால் சில வினைகளோடு குழப்பும். "போலீசார் தேடி வந்தனர்" என்றால் வீடு தேடி வந்தார்களா, பல நாளாகத் தேடினார்களா? கொடுக்கல் வாங்கல் தகராறில் "பணம் கேட்டு வந்தார்" என்று எழுதினால் அவர் சம்பவ இடத்துக்கே வந்ததாக ஒருவர் படிப்பார், பல மாதமாக போனில் கேட்டதாக இன்னொருவர் படிப்பார். வழக்கே அதில்தான் இருக்கும். "பல மாதமாகக் கேட்டு வந்தார்" என்று போட்டால் தீர்ந்தது, அவர் நேரில் வந்தவர் என்றால் "கேட்பதற்காக வந்தார்".