பூஜாடிஸ்ட் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஓர் அரசியல்வாதியை 'பூஜாடிஸ்ட்' என்று குறிப்பிடுகிறார்கள். வரியை எதிர்ப்பவர் என்கிறது அகராதி. 'வரிகொடா இயக்கத்தவர்' என்று எழுதிவிடலாமா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அப்படி எழுத வேண்டாம். வரிகொடா இயக்கம் என்றதும் நமக்கு 1928-இல் குஜராத்தின் பர்தோலி விவசாயிகள் நடத்திய போராட்டமும் அதற்குத் தலைமை தாங்கிய படேலும் நினைவுக்கு வரும். அந்த மரியாதை இந்தச் சொல்லில் கிடையாது. ஒருவரை பூஜாடிஸ்ட் என்று சொன்னால் பெரும்பாலும் அது வசைதான்.

பியேர் பூஜாத் என்பவரின் பெயரிலிருந்து வந்தது அது. தென்மேற்கு பிரான்சில் சென்-செரே என்ற சிற்றூரில் புத்தகமும் எழுதுபொருளும் விற்றவர். ஊர் மன்ற உறுப்பினர். 1953 ஜூலையில், கடைகளின் கணக்கைச் சோதிக்க வரி அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று தகவல் கசிந்தது. பூஜாத் கடைக்காரர்களைத் திரட்டிக்கொண்டு போய் நின்றார். சோதனை நடக்கவில்லை. சேதி சுற்று வட்டாரத்தில் பரவி, அந்த ஆண்டு முடிவதற்குள் சிறு வணிகர்களுக்கும் கைத்தொழில் செய்பவர்களுக்கும் ஒரு சங்கமே உருவாகிவிட்டது.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டிலும் விலையேற்றத்திலும் சின்னக் கடைகள் எப்படியோ பிழைத்துக்கொண்டன. 1952-இல் விலைவாசி நிலைப்பட்டதும் லாபம் இறங்கியது. இளைஞர்கள் ஊரைவிட்டு நகரங்களுக்குப் போனார்கள், வாங்க ஆள் குறைந்தது. கல்லாவில் காசு இல்லாத நேரத்தில் அதிகாரி வந்து கணக்கு நோட்டைக் கேட்கிறார். யாருக்குத்தான் வயிறு எரியாது?

அப்புறம் எப்படி வசையானது? இயக்கம் வரியோடு நிற்கவில்லை. பாரிஸ், நாடாளுமன்றம், படித்தவர்கள் என்று எல்லார்மேலும் பாய்ந்தது. பிரதமராக இருந்த மென்தெஸ் பிரான்ஸ் என்பவரை, அவருடைய யூதப் பிறப்பைக் குத்திக்காட்டி பூஜாத் தாக்கினார். இதை என்னால் மன்னிக்க முடிந்ததே இல்லை. 1956 ஜனவரி தேர்தலில் அவர்களுக்குச் சுமார் 25 லட்சம் வாக்குகள், ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்கள். வென்றவர்களில் ஒருவர், பின்னாளில் பிரான்சின் தீவிர வலதுசாரித் தலைவரான ஜான்-மரி லெ பென். அப்போது அவருக்கு வயது 27. 1958-இல், போர்க்காலத் தலைவரான தெ கோல் ஆட்சிக்குத் திரும்பியதும் இயக்கம் கரைந்துபோனது, சொல் தங்கிவிட்டது.

இன்று ஆங்கிலத்தில் அதற்கு, வரியையும் அரசையும் படித்தவர்களையும் ஒரே மூச்சில் வெறுக்கிற, தன் கடை வாசலுக்கு அப்பால் பார்க்காத ஆள் என்று பொருள். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. அந்தச் சொல்லை வீசுகிறவர்கள், யூத வெறுப்போடு சேர்த்து, கடை மூடிவிடுமோ என்று பயந்த மனிதரையும் ஒதுக்கித் தள்ளிவிடுகிறார்கள்.

உங்கள் கட்டுரையில் வருபவர் வரியை மட்டும் எதிர்க்கிறார் என்றால் 'வரி எதிர்ப்பாளர்' போதும். இந்தக் கசப்பெல்லாம் சேர்ந்து வருகிறது என்றால் 'பூஜாடிஸ்ட்' என்றே வைத்துக்கொண்டு, அந்தச் சொல் முதலில் வரும் இடத்தில் அந்த சென்-செரே கடைக்காரரைப் பற்றி ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அன்புடன்